வெளிவராத புத்தகத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் மியூசியம் இதுவரை வெளியிட்ட புத்தகங்களை அடுக்கி வைக்க ஒரு ஸ்டூல் போதும். வெளியிடாத ஒரே ஒரு புத்தகத்துக்கு ஏசி போட்ட தனி அறை இருக்கிறது. அந்த அறையைத் திறந்து, துடைத்து, பூட்டுவது என் வேலை. பூட்டினோமா என்று பாதிப் படியிலிருந்து திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பது வேலையில் சேராது. அது நானாகச் செய்வது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பெரிய காரணம் ஒன்றுமில்லை. கணக்குப் பரீட்சையை நினைத்துக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, பரீட்சையும் போனது, நான் திரும்பிப் போகவில்லை. அல்சூரில் பிறந்து வளர்ந்ததால் தமிழும் கன்னடமும் தடையில்லாமல் படிப்பேன். இங்கிலீஷை ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போவேன். பயப்படுவதற்குச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை என்பதால் அதில் மட்டும் நிறைய மேல்படிப்பு படித்திருக்கிறேன். கேஸை மூடினேனா, மெட்ரோ கதவில் முந்தானை மாட்டுமா, டைரக்டர் ஏன் இன்று குட்மார்னிங்குக்குத் தலை மட்டும் ஆட்டினார் என்று நாள் முழுக்க யோசிக்க எனக்கு விஷயம் இருக்கும். இப்படிப்பட்டவளைத்தான் தேடிப் பிடித்து ஆவண அறைக்கு அட்டெண்டராகப் போட்டார்கள்.

புத்தகம் ஒரு சிற்பியைப் பற்றியது. இந்த ஊர்க்காரர்தான், இப்போது இல்லை. கருங்கல்லில் கை, கால், மூக்கு எதுவும் இல்லாத உருவங்களைச் செதுக்கியவர். நவீன சிற்பி என்று சொல்ல வேண்டும். நான் முதலில் "இது இன்னும் முடியலையா சார்" என்று கேட்டு ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் செய்தவற்றில் எங்களிடம் இரண்டுதான் இருக்கின்றன. மற்றவை எங்கெங்கோ போய்விட்டன. ஒன்று ஏதோ ஆபீஸ் வாசலில், ஒன்று யாரோ பணக்காரர் தோட்டத்தில், சில வெளிநாட்டில். சாலை ஓரத்தில் நின்ற ஒன்றை ரோட்டை அகலப்படுத்தும்போது பெயர்த்தெடுத்துப் போனார்கள். எங்கே வைத்தார்கள் என்பது எடுத்தவர்களுக்கும் தெரியாது. எல்லாவற்றையும் படம் பிடித்து ஒரே புத்தகமாகப் போடுவது என்று அவர் உயிரோடு இருந்தபோதே மியூசியம் முடிவு செய்தது. முடிவு செய்வதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

படங்கள் எடுத்தாகிவிட்டது. கட்டுரைகள் எழுதியாகிவிட்டது. அச்சகத்துக்காரர் மாதிரிக்கு ஒரு பிரதியை அட்டை போட்டுத் தைத்துக்கூடக் கொடுத்துவிட்டார். அதை டம்மி என்பார்கள். நின்றது முன்னுரையில். முன்னுரை எழுத வேண்டியவர் டைரக்டர். அவர் எழுதி முடிக்கும் நேரத்தில் மாற்றல் வந்தது. அடுத்து வந்தவருக்குப் போனவரின் பெயரில் முன்னுரை வருவது பிடிக்கவில்லை. தானே எழுதினார், அவருக்கும் மாற்றல் வந்தது. மூன்றாமவர் முதலிருவருக்கும் நன்றி சொல்வதா வேண்டாமா என்று கமிட்டி போட்டார். ஒவ்வொரு முன்னுரையையும் டம்மியின் அதே பக்கத்தில், முந்தையதன் மேல் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் புத்தகத்திலேயே கெட்டியான பக்கம் அதுதான். தொட்டுப் பார்த்தால் கல் என்று நினைத்துவிடலாம்.

சிற்பியின் மனைவி விவேக் நகரில் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் ஆன்ட்டி. வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலில் பூசை பார்த்துவிட்டு, ஆட்டோ பிடித்து நேராக எங்களிடம் வருவார். டைரக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பத்தில் கேட்டார். டைரக்டர்கள் எப்போதும் மீட்டிங்கில் இருந்ததால் பிறகு என்னைப் பார்த்துவிட்டே போய்விடுவார்.

"புக்கு வந்துச்சாம்மா?"

"ஆயிட்டிருக்கு ஆன்ட்டி."

"போன வாரமும் ஆயிட்டுதானே இருந்துச்சு."

"இந்த வாரம் இன்னும் கொஞ்சம் ஆயிருக்கு ஆன்ட்டி."

"இப்பதான் குழந்தை ஏசுகிட்ட கேட்டுட்டு வரேன். அவரும் உன்ன மாதிரியேதான் முழிக்கிறாரு."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் ஒரு வியாழக்கிழமை அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் காதைப் பார்த்துப் பேசினார். கம்மல் கழன்றுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"உன் மூஞ்சி தெரியலம்மா. நேரா பார்த்தா நடுவுல மறைக்குது. சைடுல பார்த்தாதான் கொஞ்சம் தெரியுது. டாக்டரு இது திரும்பாதுன்னுட்டாரு. இருக்கறது எவ்ளோ நாளுன்னும் சொல்லல. எங்க வீட்டுக்காரரு பண்ணதையெல்லாம் ஒரு தடவ ஒண்ணா பார்த்துடணும். அவ்ளோதான். அப்புறம் நீங்க ஆற அமர போட்டுக்குங்க."

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கண்ணுக்காக மட்டும் இல்லை. அடுத்த வாரமும் "ஆயிட்டிருக்கு" என்று சொல்லப் போகிறவள் நான்தானே.

இந்த நேரத்தில்தான் மியூசியத்துக்குப் பணம் வந்தது. புத்தகம் போடுவதற்கு இல்லை. வெளிவராத புத்தகம் சம்பந்தப்பட்ட காகிதங்களைப் பாதுகாக்க. புத்தகம் வராததற்கு இவ்வளவு மரியாதை உண்டு என்று தெரிந்திருந்தால் நாங்கள் இன்னும் நிறைய வெளியிடாமல் இருந்திருப்போம். ஏசி வந்தது. அமிலம் இல்லாத அட்டைப் பெட்டிகள் வந்தன. அவற்றைத் திறக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆவணக் காப்பாளர் மேடம் வந்தார். சின்ன வயது, நன்றாகப் படித்தவர், என்னை அக்கா என்று கூப்பிட்ட முதல் ஆபீசர். அதனால் அவர் என்ன தப்பு செய்தாலும் எனக்குக் கோபம் வராது என்று முடிவு செய்துகொண்டேன். மேடம் ஒவ்வொரு தாளுக்கும் பென்சிலில் எண் போட்டார். டீ பில்லுக்கு எண். கமிட்டி ஒத்திவைக்கப்பட்டது என்ற கடிதத்துக்கு எண். ஒத்திவைத்ததை ஒத்திவைத்த கடிதத்துக்கும் எண். டம்மிக்கும் போட்டார்.

எண் போட்டால் அது ஆவணம். ஆவணம் அச்சகத்துக்குப் போகக் கூடாது, வெளியே போகக் கூடாது, வெறும் கையால் தொடக் கூடாது. ஆக, புத்தகத்தைக் காப்பாற்றியதில் அது இனி எப்போதும் வெளிவராமல் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை ஆன்ட்டியை மேடத்திடம் கூட்டிப்போனேன்.

"படிக்கற அறைல உக்காந்து பாக்கலாங்க ஆன்ட்டி," என்றார் மேடம் ரொம்ப மரியாதையாக. "முன்னாடியே சொல்லிட்டா எடுத்து வெச்சிருவோம். ஒரு தடவைக்கு ஒரு பெட்டிங்க. கையுறை நாங்களே குடுத்துருவோம்."

"எனக்கு நல்லா வெளிச்சம் வேணும்மா. லென்ஸ் வெச்ச லைட்டு ஒண்ணு பையன் வாங்கித் தந்திருக்கான். அத எடுத்துட்டு வரேன்."

மேடம் முகம் வாடியது. "அங்க லைட்டு மங்கலாத்தானுங்க இருக்கும். வெளிச்சம் பட்டா பேப்பர் கெட்டுரும்."

"ஓ," என்றார் ஆன்ட்டி. "பேப்பருக்கும் கண்ணு போயிடுமா."

ஒரு முறை உட்கார்ந்து பார்த்தார். அந்த மங்கலில் நல்ல கண் இருக்கிற எனக்கே கல் எது நிழல் எது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பக்கங்களைத் திருப்பிவிட்டு, கையுறையைக் கழற்றி மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். "அதே படமெல்லாம் தனித்தனி தாளாவும் இருக்குல்ல, இந்த தைச்சத எனக்குக் குடுத்தா என்ன" என்று போகும்போது கேட்டார். மேடம் விதியைச் சொன்னார். விதி பென்சிலில் எழுதியது இல்லை போலிருக்கிறது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. பெங்களூர் ஆபீஸில் ஆயுத பூஜை என்றால் மற்ற நாளெல்லாம் வேலைக்கே வராதவர்கள்கூட வந்துவிடுவார்கள். வேனுக்கு வாழைக்கன்று கட்டியாகிவிட்டது. தச்சர் ரம்பத்தையும் உளியையும் கழுவி வைத்தார். எலெக்ட்ரீஷியன் டெஸ்டர் வைத்தார். வாசல் செக்யூரிட்டி விசிலைக் கொண்டுவந்து வைத்தார், எச்சிலோடு. ஆவண அறை மேடம் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தார். வெளியீட்டுப் பிரிவில் இருந்த ஒரே கிளார்க், வேறு எதுவும் கிடைக்காமல் ஸ்டேப்ளரைக் கொண்டுவந்து வைத்தார்.

டைரக்டர் பட்டு வேட்டியில் வந்திருந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், எங்களோடு பேசுவதற்கென்று கன்னடம் கலந்த ஒரு தமிழ் வைத்திருப்பார். ஸ்டேப்ளரைப் பார்த்ததும் அவர் மனசு வருத்தப்பட்டுவிட்டது.

"ஏனம்மா இது, சரஸ்வதிக்கு ஸ்டேப்ளரா? ஒரு புக் வேணுமல்லா. நம்முது அந்த சிற்பி புக் இருக்குதல்லா, அதை எடுத்துக்கொண்டு வா."

"சார், மேடம் லீவுல இருக்காங்க. அதுக்கு நம்பர் போட்டிருக்காங்க சார்."

"சாமிக்கு நம்பர் எல்லாம் தெரியாதம்மா."

"கையுறை போட்டுத்தான் தொடணும் சார்."

"அப்படின்னா போட்டுக்கொண்டு எடுத்துக்கொண்டு வா. யாரு பேடா அந்தாரு?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லைதான். நான் இன்னொரு தடவை கேட்டேன். அதற்கும் எடுத்து வா என்றார். வெள்ளைக் கையுறை போட்டு, இரண்டு கையிலும் ஏந்தி, ராஜாவின் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி டம்மியைக் கொண்டுவந்து வைத்தேன். கிளார்க் போட்டோ எடுத்தார்.

டைரக்டர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. அட்டையில் சந்தனத்தைக் குழைத்து அகலமாக ஒரு பொட்டு வைத்தார். அதன் மேல் குங்குமம். பிறகு உள்ளே திறந்து, தன் முன்னுரை இருந்த பக்கத்தில் அதே அளவுக்கு இன்னொன்று. ஈரம் சொட்டும் சாமந்திப் பூ. மஞ்சள் அரிசி. ஐயர் தீர்த்தம் தெளித்தார். பொரி, கடலை, சர்க்கரை எல்லாம் இலையில் புத்தகத்தை ஒட்டியே வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தபோது ஒரு துண்டு பக்கத்தில் வந்து விழுந்தது.

பூஜை முடிந்ததும் எடுத்துத் துடைத்து வைத்துவிடலாம் என்று கை நீட்டினேன். எல்லாரும் பதறினார்கள். சரஸ்வதிக்கு வைத்த புத்தகத்தை விஜயதசமிக்கு முன்னால் தொடலாமா. மற்ற நாளெல்லாம் கையுறை இல்லாமல் தொடாதே என்று ஒரு விதி. இப்போது கையுறை போட்டாலும் தொடாதே என்று இன்னொன்று. ஏசியில் இருக்க வேண்டிய புத்தகம் எறும்புகளோடு தங்கியது. நான் வீட்டில் எறும்புகளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் "லீவு நாள்லயாவது லீவு எடு" என்றார்.

விஜயதசமி முடிந்ததும் டம்மியைப் பழையபடி பெட்டியில் வைத்தேன். மேடம் திரும்பி வந்தார். பெட்டியைத் திறந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு, பக்கம் பக்கமாகப் பார்த்து, உட்கார்ந்து அறிக்கை எழுதினார். மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை, ஈரம், சர்க்கரை, எறும்பு. இதை மற்ற பெட்டிகளோடு வைத்தால் பூச்சி எல்லாவற்றுக்கும் பரவும். தனித்தாள்களாக நல்ல படி இருப்பதால் இதைச் சேகரிப்பிலிருந்து கழிக்க வேண்டும். அறிக்கை டைரக்டர் மேஜைக்குப் போனது. என்னையும் கூப்பிட்டார்கள்.

"யாரு இதை வெளியே எடுத்தது?" என்றார் டைரக்டர். அறையில் இருந்த அத்தனை கண்ணும் என் மேல் திரும்பியது. எனக்கு வேலை போய், அடுத்த வேலைக்கு யாரைக் கேட்பது என்பது வரைக்கும் மனசுக்குள் ஓடி முடிந்துவிட்டது.

மேடம் மெதுவாகக் கேட்டார். "பொட்டு வெச்சது யாருங்க சார்?"

பதில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தது. டைரக்டரே அனுப்பிய படம், கூப்பிய கைகள் வரிசையாக. நானும் அதில் இருந்தேன், கையுறையோடு.

"ஆய்து, ஆய்து," என்றார் டைரக்டர். "ஆனது ஆயிடுச்சு. யாரு என்னா என்கிறது எதுக்கு. கழிச்சுடுங்க."

"சரிங்க சார். மெஷின்ல போட்டுக் கிழிச்சரலாங்களா?"

டைரக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஐயோ. பூஜை ஆனது. அதைக் கிழிக்கிறதா? கெரேயில விடணும்."

கெரே என்றால் ஏரி. எல்லாரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். ஏரி இருக்கிற ஊர்க்காரி நான்தானே. பிள்ளையாரைக் கரைக்கிற மாதிரி நவீன சிற்பக் கலையை அல்சூர் ஏரியில் கரைத்துவிட்டு வர வேண்டும். அங்கே இப்போது எதையும் போட விடுவதில்லை, காவலுக்கு ஆள் நிற்கிறார்கள். என்னைப் பிடித்தால் என்ன சொல்வது? சார் பொட்டு வைத்துவிட்டார் என்றா? அந்தப் பயத்தில் வாயிலிருந்து வந்ததுதான், யோசித்துச் சொன்னதில்லை.

"சார், அந்த ஆன்ட்டி வியாழக்கிழமை வருவாங்க. பிரசாதம்னு அவங்ககிட்ட குடுத்துடலாமா?"

"அவங்க சர்ச்சுக்குப் போகிறவங்கல்லா?"

"போயிட்டுதான் சார் வருவாங்க."

டைரக்டர் யோசித்தார். பிரசாதம் கொடுப்பதற்குக் கமிட்டி வேண்டாம் என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. மேடம் ஏற்கெனவே எழுத ஆரம்பித்துவிட்டார்: கழிக்கப்பட்டது, குடும்பத்தாரிடம் தரப்பட்டது. கறைக்குக் காரணம் என்ற இடத்தில் 'வழக்கம்' என்று போட்டார்.

வியாழக்கிழமை ஆன்ட்டி "புக்கு வந்துச்சாம்மா" என்று கேட்டார். புத்தகத்தைச் சேலைக் கடைப் பையில் போட்டு அவர் கையில் வைத்தேன். அவர் பையைத் திறந்து, அட்டையைத் தடவி, விரலை மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

"சந்தனம்."

"ஆயுத பூஜைல வெச்சுட்டாங்க ஆன்ட்டி. தப்பா எடுத்துக்காதீங்க."

"எதுக்கு? அவரு வாசல்ல கல்லு நிறுத்தி வெச்சா காலைல யாராவது பொட்டு வெச்சு எலுமிச்சம்பழம் வெச்சுட்டுப் போயிருப்பாங்க. பிரஷ்ஷு எடுத்துட்டு திட்டிக்கினே தேய்ப்பாரு. நாலு நாள் கழிச்சு மறுபடி வெச்சிருப்பாங்க. ஜனங்களுக்குத்தான் என் வேலை புரிஞ்சிருக்குன்னு ஒரு தடவ அவரே சொன்னாரு. கோவத்துல சொன்னாரு."

டிக்கெட் கவுண்டருக்கு வெளியே நல்ல வெயில். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, புத்தகத்தைக் கன்னத்தோரம் உயர்த்தி, கோழி பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு பக்கத்தை ரொம்ப நேரம் திருப்பவே இல்லை. ரோட்டோரத்திலிருந்து பெயர்த்தெடுத்துப் போன கல்.

"இதுல நம்ம வீட்டு பக்கெட்டு தெரியுது பாரு," என்றார். "செஞ்சு முடிச்ச அன்னிக்கே எடுத்த படம்."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனவர் அப்புறம் வரவில்லை, வியாழக்கிழமைகள் காலியாக இருந்தன. நிம்மதி வர வேண்டும், எனக்குப் பயம்தான் வந்தது. உடம்புக்கு ஏதாவதோ. போன் செய்தேன். நன்றாகத்தான் இருந்தார். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பக்கம்தான் கண் தாங்குகிறது, நிறைய இடத்தில் படம் ஒன்று பெயர் ஒன்று என்று மாற்றிப் போட்டிருக்கிறார்கள், எல்லாவற்றையும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன் என்றார்.

பேச்சோடு பேச்சாக இதை மேடத்திடம் சொன்னது என் தப்பு. அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"கைப்பட எழுதிருக்காங்களா? அக்கா, அப்படின்னா அது வேற எங்கயும் இல்லாத பிரதிங்க. அத நாம கழிச்சிருக்கவே கூடாது. போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க. நல்ல பெட்டி ஒண்ணு ரெடி பண்றேன்."

விவேக் நகருக்குப் போனேன். பஸ்ஸில் முழுக்க ஒத்திகை. ஜன்னல் ஓரத்து மேஜையில் லென்ஸ் வைத்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புத்தகத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற பிரவுன் அட்டை போட்டிருந்தார். அதிலும் மஞ்சள் கசிந்திருந்தது.

"வாம்மா. நல்ல நேரத்துல வந்த. இந்த வார்த்தை எனக்கு நடுவுல முழுங்குது. என்னான்னு சொல்லு."

குனிந்தேன். இங்கிலீஷ். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். முதல் மூன்று எழுத்திலேயே அவர் வார்த்தையைப் பிடித்துவிட்டார். அடுத்ததற்கு நான்கு எழுத்து வேண்டியிருந்தது. அவருக்குத் தெரிந்தது எனக்குப் படிக்க வரவில்லை, எனக்குத் தெரிந்த எழுத்து அவருக்குத் தெரியவில்லை. இப்படியே ஒரு பக்கத்தை முடித்தோம். நடுவில் டீ வந்தது. அதைப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார், நான் நகர்த்தி வைத்தேன், அவர் பழையபடி வைத்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"முடியாதுன்னு சொல்லு," என்றார், பக்கத்தைத் திருப்பிக்கொண்டே.

மறுநாள் மேடம் பெட்டியை மேஜை மேல் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"குடுக்க மாட்டாங்களாம் மேடம்."

"ஏனுங்கக்கா?"

"படிச்சிட்டிருக்காங்க."

மேடம் கம்ப்யூட்டரில் அந்த எண்ணைத் தேடி எடுத்தார். தற்போதைய நிலை என்று ஓர் இடம். தொலைந்தது, சேதமானது, கழிக்கப்பட்டது, கண்காட்சியில் உள்ளது, இரவல் என்று வரிசையாக இருந்தது. மேலும் கீழுமாகத் தேடினார், படிக்கப்படுகிறது என்று ஒன்று அதில் இல்லை. இந்த மியூசியத்தில் இதற்கு முன் யாரும் அப்படி ஒரு காரணம் சொன்னதில்லை.